நான் எழுதி வைத்த எடை

கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் பிரிவுக்கு ஒரு கணக்கு உண்டு. எட்டுப் பேரின் எடையையும் கூட்டினால் ஐந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. ஒருத்தி கூடினால் இன்னொருத்தி குறைய வேண்டும். அதனால் தினமும் காலைப் பயிற்சிக்கு முன் நாங்கள் எடை மெஷினில் ஏறி, சுவரில் தொங்கும் நோட்டில் அவரவர் எடையை அவரவரே எழுதுவோம். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கோச் குவோ அந்த நோட்டை நம்பித்தான் அணியை அமைப்பார்.

அந்த நோட்டில் பதினோரு நாள் நான் பொய் எழுதினேன்.

அப்போது நான் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. கயிற்றில் நான்காவது இடம் என்னுடையது. எனக்குப் பின்னால், ஐந்தாவதாகச் சௌமா அக்கா நிற்பாள். மூன்றாம் ஆண்டு மாணவி, தைவானின் கிழக்குக் கடற்கரையில் வாழும் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்தவள். என் கால் சறுக்கினால் என் பாரமும் அவள் மேல்தான் விழும். அக்டோபரில் ஒரே பயிற்சியில் மூன்று முறை சறுக்கினேன். கோச் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"நாலாம் நம்பர்ல ஓட்டை இருக்கு. எதிர் டீமுக்குத் தெரிஞ்சா அந்த இடத்தப் பாத்துதான் இழுப்பாங்க."

மாற்று ஆட்டக்காரி யூ-ஹான், நாங்கள் நின்று இழுக்கும் ரப்பர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முதலாம் ஆண்டுப் பெண். அவள் பார்வை என் இடத்தின் மேல் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

என் அண்ணன் ஜிம்முக்குப் போகிறவன். அவன் அலமாரியில் கறுப்பு டப்பாவில் கிரியேட்டின் பொடி இருந்தது. எதற்கு அது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"பலம் வரும். தடை பண்ணின மருந்தெல்லாம் இல்ல, பயப்படாத. மொத வாரம் தினம் நாலு ஸ்பூன். தண்ணி மட்டும் நிறையக் குடிக்கணும், இல்லன்னா கிட்னி போயிடும்னு ஜிம்ல சொல்றாங்க."

"எனக்குத் தருவியா?"

"உனக்கு எதுக்குடி? உங்க கோச்சக் கேட்டுட்டு வா."

கோச்சைக் கேட்கவில்லை. அவன் வகுப்புக்குப் போன பிறகு நானே எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் கயிறு வேறு மாதிரி இருந்தது. பொடியா, என் மனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கால் பாயில் ஊன்றி நின்றது. "ஓட்டை அடைஞ்சுடுச்சு போல," என்றார் கோச். அன்று முழுக்க அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எடையும் ஏறியது. அறுபத்தொன்றாக இருந்தவள் அறுபத்திரண்டே முக்காலைத் தாண்டினேன். பொடி உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பது எனக்குத் தெரியாது. முதல்முறை எண் மாறிய அன்று பேனாவைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றேன். பிறகு 61.0 என்று எழுதினேன். மறுநாள் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

போட்டி ஜாங்ஹுவா நகரில். காலை எடை பார்க்கும்போது ஒவ்வொருத்தியாக ஏறினோம். நடுவர் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கிலோ நானூறு கிராம் அதிகம். ஒரு மணி நேரம் இருக்கு," என்றார். கோச் நோட்டைத் திறந்து ஒப்பிட்டார். இரண்டு பெயர்கள்தான் உதைத்தன. நான் எழுதியதைவிட ஒரு கிலோ எண்ணூறு கிராம் அதிகம். சௌமா எழுநூறு கிராம்.

"பெய்-லின், ஒரே நாள்ல எப்படிம்மா இவ்வளவு?"

என் வாய் தயாராகவே இருந்தது. "மாசாமாசம் வர்றது, கோச். அதுக்கு முன்னாடி எனக்கு உடம்பு ஊதும்."

அவர் முகம் சிவந்து, காகிதத்தைப் பார்த்தார். "சரி, சரி. அது உன் தப்பில்ல." பிறகு சௌமாவிடம் திரும்பினார். "நீ?"

"காலைல கடையில பசையரிசி உருண்டை சாப்பிட்டேன், கோச்."

"எத்தனை?"

"ரெண்டு."

"சோயா பால் குடிக்கலயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"குடிச்சேன். பெரிய கப்பு."

பெண்கள் சிரித்தார்கள். "அக்காவுக்கு வயிறு இல்ல, கிணறு," என்றாள் ஒருத்தி. எங்கள் தலைவி ஜிங்-ரு சிரிக்கவில்லை. "வாய மூடுங்கடி. நேரம் ஓடுது," என்றாள். நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

எங்கள் இருவருக்கும் மழைக்கோட்டு மாட்டி, வியர்க்க வியர்க்க ஓடச் சொன்னார்கள். அரங்குக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தைச் சுற்றினோம். நான்காவது சுற்றில் சௌமா மூச்சு வாங்கியபடி என் பக்கம் திரும்பினாள்.

"உன்னோடது இயற்கை, யாரு என்ன பண்ண முடியும். நான்தான் தின்னு கெடுத்தேன். என்னால நீயும் ஓட வேண்டியதாப் போச்சு. மன்னிச்சுக்கோடி."

"பரவாயில்ல அக்கா," என்றேன்.

அதோடு நிற்கவில்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, கிட்னி போய்விடும் என்ற பயம் வேறு. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன். திரும்பி வந்தபோது அவள் ஓடிக்கொண்டேதான் இருந்தாள். உதடு வெளுத்திருந்தது. வாயில் ஊறிய எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டு ஓடினாள்.

மறுபடி ஏறினோம். அவள் எண்ணூறு கிராம் இறக்கியிருந்தாள், தின்றதற்கும் மேலாக. நான் இருநூறு. இன்னும் நானூறு கிராம் அதிகம்.

ஒருத்தியை எடுத்துவிட்டு, எடை குறைந்த யூ-ஹானைப் போட வேண்டும். கோச் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஷூ கயிற்றைக் குனிந்து கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

"சௌமா, நீ உக்காரு," என்றார்.

"சரி, கோச்." எங்கள் தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "நாலு, விடாத! நாலு, உக்காந்து இழு!" நான்தான் நாலு.

மூன்றாம் இடம் வந்தோம். முதல் மூன்று இடங்களுக்குத்தான் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ். கயிறு பிடித்த எட்டுப் பேர் பெயர் மட்டும் அதில் இருக்கும். சௌமாவுக்கு அது கடைசி ஆண்டு.

அதன் பிறகு அவள் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் சோற்றைத் தொடுவதில்லை. கீரையை மட்டும் தின்றுவிட்டு மூடிவிடுவாள். என் எதிரில்தான் உட்காருவாள். "சாப்பிடுங்க அக்கா" என்றால், "இன்னொரு தடவ என்னால யாருக்கும் கெடக்கூடாது" என்பாள். மூன்று வாரம் இப்படி. ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சியின் நடுவில் கண் இருட்டிப் பாயில் முகம் குப்புற விழுந்தாள். அவளைத் தூக்கியபோது தோள் எலும்பு என் கையில் தட்டியது.

மறுநாள் கோச்சிடம் போனேன். கிடங்கில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், குழாய்த் தண்ணீர் உட்பட. கை நிற்காமல் சுருட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பொடி சாப்பிட்டது விதிப்படி குத்தம் இல்ல. கேட்டிருந்தா டாக்டர்கிட்ட விசாரிச்சு வேணும் வேணாம்னு சொல்லியிருப்பேன், எடையையும் மாத்திப் போட்டிருப்பேன். நோட்டுல எழுதின பாரு, அதுதான். சௌமாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல, கோச்."

"அப்ப ஏன் மொதல்ல இங்க வந்த?"

பதில் எனக்குத் தெரியும். இவர் திட்டுவார், அதோடு முடியும். அதனால்தான்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் சௌமாவைப் பிடித்தேன். சொல்லி முடிக்கும்வரை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை.

"நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு அக்கா."

"நீ பரவாயில்லன்னு சொன்ன."

பூட்டைச் சைக்கிள் கூடையில் போட்டாள்.

"மூணு வாரமா எதிர்ல உக்காந்து நான் கீரை திங்கறதப் பாத்த. சோறு போட்டுக்கச் சொன்ன. எப்படிடி முடிஞ்சுது?" உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது அவள் குரல். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை அணி முன்னால் நின்று, பதினோரு நாளின் உண்மையான எடைகளை நினைவிலிருந்த அளவுக்குச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என்னை நீக்கச் சொல்லிக் கோச்சிடம் கெஞ்சினேன். "ஓடிப்போறதுக்கு என்கிட்ட வழி கேக்காத," என்று சொல்லிவிட்டார். சௌமாவின் சான்றிதழுக்காகப் போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். கயிறு பிடிக்காதவர் பெயரைச் சேர்க்க இயலாது என்று பதில் வந்தது. மார்ச் மாதப் போட்டியில் அவளை மறுபடி ஐந்தாவது இடத்தில் போட்டார். அன்று அணிக்கு ஐந்தாம் இடம்தான் கிடைத்தது; சான்றிதழ் இல்லை. கயிற்றில் அவள் மூச்சு என் பிடரியில் படும். கயிற்றை விட்டதும் வேறு பக்கம் போய்விடுவாள்.

அவள் கல்லூரிக்குப் போகவில்லை. அவள் ஊர்ப்பக்கம், ஹுவாலியனில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்துகொண்டே தீயணைப்புத் துறைத் தேர்வுக்குப் படிப்பதாக ஜிங்-ரு சொன்னாள். நான் அந்தச் சான்றிதழை வைத்துத்தான் கல்லூரியில் சேர்ந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவளுக்குக் கைபேசியில் ஒரு வாழ்த்து அனுப்புகிறேன். படித்துவிட்டாள் என்ற அடையாளம் விழும்; பதில் வராது. அனுப்புவது அவளுக்காகவா, எனக்காகவா என்று யோசித்தால், இந்த ஆண்டு அனுப்பாமல் இருப்பதே மரியாதை என்று படுகிறது.