வெர்னா போட்ட கோடு

தொலைக்காட்சி நிலையம் ஒன்று ஊரறிய அறிவித்த தேர்தல் முடிவை, ஒரே ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்து நான் கவிழ்த்துப் போட்டேன். எங்கள் கோதுமை மாவட்டத்தில் இதை யாரும் நம்புவதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் சூறாவளியை முந்தினேன் என்றபோதும் நம்பவில்லை.

அந்த நவம்பர் வாக்குச்சீட்டில் ஆளுநர் முதல் நீதிபதி வரை ஏகப்பட்ட பெயர்கள். எங்களுக்கு முக்கியம் கடைசிக் கேள்விதான்: மாவட்ட முதியோர் இல்லத்துக்காக நிலவரியைக் கொஞ்சம் உயர்த்தலாமா? அந்தக் கேள்வி தோற்றால் இல்லத்தை மூடிவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஆர்விலின் அக்கா வெர்னா அங்கேதான் இருந்தாள். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போனவள். மூடினால் மலைக்கு அப்பால் எங்கோ அனுப்பிவிடுவார்கள். பார்வை மங்கிய ஆர்வில் அவ்வளவு தூரம் போய்த் தினமும் அவளுக்குச் சூப் ஊட்ட முடியாது.

ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் காலைச் செய்தியில் வரி தோற்றது என்றார்கள். ஆர்வில் பெட்டியை அணைத்தான்.

"முடிஞ்சுது. டிவிலயே சொல்லிட்டான்."

"தபால் ஓட்டுக் கட்டு இன்னும் பிரிக்காம கிடக்குடா."

"நீ சொல்லி நான் நம்பணுமாக்கும்! போடா, புளுகு மூட்டை."

அடுத்த வாரம் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆர்வில் அசையவில்லை. தேர்தல் காலத்தில் இங்கே யாரும் தெரியாத அழைப்பை எடுப்பதில்லை. ஒன்று கருத்துக்கணிப்பு, இல்லையென்றால் வேட்பாளரின் பதிவுசெய்த குரல். எனக்கோ அவர்களைச் சீண்டுவது பாயசம் மாதிரி. எடுத்தேன்.

"பூசணிக்காய்க் கட்சித் தலைமையகம், சொல்லுங்க!"

"மாவட்டத் தேர்தல் அலுவலகம்," என்றது ஒரு பெண் குரல். "வெர்னா அம்மாவுக்கு இந்த நம்பர்தான் இருக்கு. எத்தனை தடவை கூப்பிட்டேன்! அவங்க தபால் ஓட்டு உறையில இருக்கிற கையெழுத்து எங்ககிட்ட இருக்கிற பழைய கையெழுத்தோட ஒத்துப்போகலை. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணலைன்னா அவங்க ஓட்டை எண்ண முடியாது."

என் சிரிப்பு நின்றுபோனது. கேட்டதை ஆர்விலிடம் சொன்னேன்.

"ஒரு ஓட்டு என்னத்தைக் கிழிக்கப் போகுது?" என்றான் ஆர்வில். ஆனாலும் கோட்டை மாட்டிக்கொண்டான்.

என் வண்டி அன்று தரையைத் தொடவே இல்லை. வெர்னாவைச் சக்கர நாற்காலியோடு அலுவலகத்துக்குள் தள்ளிக்கொண்டு போனோம். எழுத முடியாதவர் ஒரு குறி போட்டால் போதும், இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்றாள் அதிகாரி. வெர்னா இடது கையால் பேனாவைப் பிடித்தாள். நழுவி விழுந்தது. ஆர்வில் அவள் கையைப் பிடிக்கப் போனான்.

"தொடாதீங்க ஐயா. அவங்களேதான் போடணும்."

ஆர்வில் கையை இழுத்துக்கொண்டான். வெர்னா எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் பேனாவை எடுத்தாள். நெற்றி வியர்க்க, மெதுவாக, நடுங்கி நடுங்கி ஒரு கோடு. சாட்சிக் கையெழுத்தை நானும் ஆர்விலும் போட்டோம்.

கடைசி எண்ணிக்கையில் வரி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது. வானிலைக்கும் கால்பந்துக்கும் நடுவே ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான் அதே செய்திக்காரன். அந்த ஒன்று யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அவள் சீட்டும் குவியலில் கலந்துவிட்டது.

காபிக் கடையில் நான் இதைச் சொன்னதும் ஒரே ஊளை. "யோவ் ஆர்வில், உன் சிநேகிதன் விடுறதைக் கேட்டியா?"

ஆர்வில் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இவன் வாயில வர்றது எல்லாம் பொய். வண்டி பறந்ததும் பொய்," என்றான். "ஆனா இது நடந்துச்சு. நான் அங்கதான் நின்னேன்."