கடைசித் தாளில் ஒரு சரி

"பிள்ளையை ஆட்களின் கண்ணைப் பார்க்கப் பழக்கு" என்று என் மேற்பார்வையாளர் மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் இருப்பது வெளிநாட்டில். நான் போர்க்காலக் கொழும்பில், வெள்ளவத்தையில், விசேட தேவைப் பிள்ளைகளுக்கான நிலையமொன்றில் வேலை செய்துகொண்டே நடத்தைப் பகுப்பாய்வில் முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழக்கத்தைச் சிறு படிகளாகப் பிரித்துப் பழக்குவது, பிள்ளை சரியாகச் செய்தவுடன் பிடித்ததொன்றைக் கொடுப்பது, ஒவ்வொரு தடவையையும் தாளில் குறிப்பது. படிப்பின் சாரம் இவ்வளவுதான்.

என் ஆய்வுக்குரிய பிள்ளை தர்சிகா. பதினேழு வயது, ஓட்டிசம், பேச்சில்லை. அவளுடைய தாய் ஜெகதீஸ்வரிக்குக் கண்ணும் வேண்டாம், மூக்கும் வேண்டாம்.

"மிஸ், போன கிழமை ஒழுங்கை முகப்பில ஆமிக்காரன் நில்லெண்டு கத்தினவன். இவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுறாள். அவன் சுடத் துவக்கை நீட்டிப்போட்டான். நான் குறுக்க விழுந்து குழறினபடியாத்தான் பிள்ளை மிஞ்சினது. எந்த நாளும் நான் குறுக்க நிப்பனே?"

அன்றே தலைப்பை மாற்றினேன்: கத்தினால் ஓடாமல் நிற்பது. மேற்பார்வையாளர் மறுத்தார். பிள்ளையை மாற்றுவதற்கு முன் சூழலை மாற்றிப் பார்க்க வேண்டுமாம். "இங்கே சூழலின் கையில் துவக்கு இருக்கிறது. நீங்கள் வந்து மாற்றுங்கள், நான் கண்ணைப் பழக்குகிறேன்" என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

எனக்கும் வயிறு எரியாமலில்லை. சிங்களத்தில் அதட்டினால் நிற்க ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பழக்கவா இவ்வளவு படித்தேன்? ஆனால் என் ரோசத்துக்கு அவளைப் பலி கொடுக்க முடியாது.

அவளுக்குத் தொதல் என்ற இனிப்பென்றால் உயிர். அறைக்குள் நடக்கவிட்டு, "ஹிட்டபன்" என்பேன். நில் என்பதை ஆமிக்காரர் சொல்லும் விதம் அது. நின்றால் ஒரு துண்டு. ஒரு தாளுக்குப் பத்துத் தடவை; பதினொரு நாளில் பத்துக்குப் பத்தும் சரி. நின்றவுடன் வலது கையை விரித்து நீட்டுவாள். பெருமையாகத் தெருவுக்குக் கூட்டிப்போய்ச் செய்து காட்டினேன். தொதல் விற்கும் ஸாலிஹ் நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா மிஸ், ஆமிக்காரன் இப்படியா மெதுவாச் சொல்ற?"

சொல்லிவிட்டுத் தானே ஒரு கத்துக் கத்தினார். தர்சிகா அடுத்த ஒழுங்கை வரை ஓடினாள். பதினொரு நாளாக நான் பழக்கியது என் குரலுக்கு மட்டுந்தான்.

பிறகு நானா கத்தினார், ஓட்டோக்காரர் கத்தினார், மேல்மாடி இரத்தினசிங்கம் மாஸ்டர் கத்தினார். ஒரு மாதத்தில் யார் கத்தினாலும் நின்றாள். மிச்சம் சீருடைதான். நேரே ஒழுங்கை முகப்புக் காவலரணுக்குப் போய், அங்கே நின்ற ஆமிக்காரனிடம், "தம்பி, இந்தப் பிள்ளையைப் பார்த்து ஒருக்காக் கத்தும்" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"பிஸ்ஸுத?" என்றான்.

"பைத்தியந்தான். தெரியாமல் சுடுவதைவிடத் தெரிந்து கத்துவது நல்லது."

அவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கத்தினான். இரண்டு நாள் ஓடினாள். மூன்றாம் நாள் நின்றாள்.

அடுத்த வாரம் நகரத்தில் குண்டு வெடித்தது. காவலரணில் முகமெல்லாம் புதிது. தர்சிகாவும் தாயும் நானும் சந்தையால் வந்துகொண்டிருந்தோம். ஒருவன் கத்தினான். துவக்கு நேரே அவள் நெஞ்சுக்கு.

தர்சிகா நின்றாள். கையை விரித்து நீட்டினாள்.

தொதல் என் பையில். பைக்குள் கையை விட்டால் என்னைச் சுடுவான். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, யார், எங்கே என்று எல்லாம் முடியும்வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. அவன் விலகியதும் முழுப் பொட்டலத்தையும் அதில் வைத்தேன். ஜெகதீஸ்வரி தெருவென்றும் பாராமல் மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து தாளில் ஒரு சரி போட்டு, எல்லாத் தாள்களையும் மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன்.

அவருடைய பதில் பத்து நாளில் வந்தது. கடைசித் தாளில் பத்துத் தடவைக்குப் பதில் ஒரு தடவைதான் இருக்கிறது, ஒன்றை வைத்து எதையும் நிறுவ முடியாது, நிரப்பி அனுப்பாவிட்டால் பட்டம் கிடையாதாம்.

அதே தாளைத் திருப்பி அனுப்பினேன். கீழே எழுதினேன்: "மிச்சம் ஒன்பது தடவைக்கும் அந்தத் துவக்குக்கு முன்னால் நீங்கள் வந்து நில்லுங்கள். நான் குறித்துக்கொள்கிறேன்."