நடுவில் நான்கடி

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் கீழ்த்தளம் மாநிலச் சாலைத் துறை, மேல்தளம் தேசிய நெடுஞ்சாலைத் துறை. கீழே இருக்கும் பொறியாளர் தன் மகளை மேலே இருக்கும் பொறியாளரின் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து ஒருவர் எல்லைக்குள் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. அவ்வளவு மரியாதை. நான் கீழ்த்தளத்தில் வரைபடம் போடுகிறவள்.

அந்த மரியாதைதான் தையற்காரம்மா ஒருவரின் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

சக்கர நாற்காலியில் இருப்பவர் அவர். செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவர் குடியிருக்கும் தெரு எங்கள் துறையுடையது. தெருமுனையில் ஓடும் நெடுஞ்சாலை மேல்தளத்தாருடையது. இரண்டுக்கும் நடுவே உள்ள வடிகாலின் கான்கிரீட் மூடி இடிந்து விழுந்துவிட்டது. இந்தச் செவ்வாய் நாற்காலியைத் தூக்கிவிட ஆள் கிடைக்கவில்லை. கணவர் ஊரைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவர் முறை போய்விட்டது. வெள்ளியும் தவறினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலையில் அவர் கணவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"மேல போனா கீழ கேளுங்கறாங்க. கீழ வந்தா மேல போங்கறீங்க. மிச்ச ஆயுசு உங்க படிக்கட்டுலயே கழிஞ்சிடும் போலிருக்கு சார்."

எங்கள் பொறியாளர் நெளிந்தார். "அது மேல இருக்கறவங்க இடம். கேக்காம கை வெச்சா சம்பந்தி என்ன நினைப்பார்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள நினைச்சு முடிச்சிடுவாரா?"

எனக்குச் சுருக்கென்றது. கடவுளை வேண்டிக்கொண்டு மேலே போய் அவர்கள் வரைபடத்தை வாங்கி வந்தேன். எங்களுடையதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் அவர்களுடையதை வைத்தேன். வெளிச்சத்தில் இரண்டு கோடுகளும் தெரிந்தன. எங்கள் கோடு வடிகாலின் இந்தக் கரையில் நின்றது. அவர்கள் கோடு அந்தக் கரையில் தொடங்கியது. நடுவில் நான்கடி. இருவரும் மற்றவருக்கென்று விட்டுக்கொடுத்த இடம்.

மேல் சம்பந்தியும் இறங்கி வந்து பார்த்தார். "அடடா, இது உங்களுதுன்னு இத்தனை நாள் ஒதுங்கியே இருந்தேனே சம்பந்தி."

"நானும்தான் சம்பந்தி. கோட்டை மாத்தணும்னா ரெண்டு தலைநகரும் ஒத்துக்கணும். ஆறு மாசம் ஆகும்."

"கோடு அப்படியே இருக்கட்டும் சார்," என்றேன். "அவங்க ரோட்டுல நாம குழாய் போடும்போது ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கறோம்ல? அதே மாதிரி நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக் கொடுத்துடுங்க. 'அந்த நாலடி எங்க எல்லையில வருமானால், நீங்க வேலை செய்ய எங்களுக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு. அப்புறம் அது யாருதா இருந்தாலும் அனுமதி இருக்கு."

மேல் சம்பந்தி சிரித்தார். "இந்த மூளையை எங்க மாடிக்கு அனுப்பக் கூடாதா?"

"பொண்ணையே அனுப்பியாச்சு. இனி ஒண்ணும் கிடையாது," என்றார் எங்கள் பொறியாளர்.

ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு கடிதங்களையும் எழுதிக் கைமாற்றிக்கொண்டார்கள். புதிய மூடி எங்கள் கிடங்கில் இருந்தது. அதைத் தூக்கும் கிரேன் அவர்களிடம் இருந்தது. வியாழன் மதியத்துக்குள் மூடி உட்கார்ந்துவிட்டது.

அதிகாரத்தைப் பிரித்து வைத்தது நல்லதற்குத்தான். ஒரே கையில் எல்லாம் இருந்தால் அந்தக் கை கனத்துப்போகும். ஆனால் பிரித்த இடத்தில் நின்று எதிர்ப்பக்கம் கை நீட்ட ஆள் வேண்டும். அந்த ஆளைக் கடவுள் எப்படியும் அனுப்பிவிடுகிறார் என்பதை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெள்ளி காலை, அலுவலகம் போகும் வழியில் தெருமுனையில் நின்றேன். நாற்காலி தடக்கென்று மூடியின் மேல் ஏறியது. சரியாக நடுவில் தையற்காரம்மா சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏங்க, இப்ப நான் யாரு ஆட்சியில இருக்கேன்?"

"என் ஆட்சியிலதான். சக்கரத்தை விடு, நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு அவர் கணவர் நெடுஞ்சாலைப் பக்கம் தள்ளினார்.