பாதிப் படம் போதும்

லேப்டாப்பின் அம்புக்குறி மறுபடியும் நின்றுவிட்டது. டிவிடியில் படம் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு முக்கால்வாசி வந்து அங்கேயே படுத்துக்கொண்டது. உள்ளே காற்றாடி மட்டும் யாரோ விரட்டுகிற மாதிரி இரைந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்தே கேட்காத காது அவருக்கு. ஆனால் மேசைப்பலகையில் உள்ளங்கை இருந்தது, அதிர்வு தெரிந்திருக்கும். கையை எடுத்து, செத்துப்போச்சா என்று சைகையில் கேட்டார். இல்லை, மூச்சு வாங்குது என்று இவன் காட்டினான். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை ஏறிட்டுப் பார்க்க இவனுக்கு முகமில்லை.

அக்கா கல்யாணமாகி வேறு ஊர் போனதிலிருந்து நடக்கிற ஏற்பாடு இது. அவளுக்குக் காதும் கேட்கும், வாயும் ஓயாது. ஆனாலும் அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனைச் சாய்த்து வைத்து, எதிரில் நின்று கையால் பேசி, படம் பிடித்து அனுப்புவாள். அப்பாவுக்குப் போன் ஆகாது. அந்தச் சின்னத் திரையில் அவள் விரலெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது என்று தள்ளிவிடுவார். லேப்டாப் திரையோ பாதி கறுத்துப்போனது. வீட்டில் பெரிதாகத் தெரிவது அந்தப் பழைய டிவி ஒன்றுதான், அதுவும் டிவிடி தவிர வேறெதையும் வாங்கிக்கொள்ளாது. ஆகவே அக்கா அனுப்புவதை டிவிடியில் ஏற்றித் தருவது தம்பியான இவன் வேலை. அப்பா அதைப் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்ப்பார். டீ ஆறி ஆடை கட்டிவிடும். அம்மா இருந்தவரை அவளும் கூட உட்கார்ந்து பார்த்தாள். இவன் உட்கார்ந்ததில்லை. அப்பாவோடு இவனுக்கு இருந்த சைகையெல்லாம் சோறு, மருந்து, மழை, சாவி எங்கே என்ற அளவுக்குத்தான். மற்றதெல்லாம் அக்காவின் இலாகா.

சில மாதங்களுக்கு முன்னால் லேப்டாப் இதே மாதிரி நடுவழியில் உறையத் தொடங்கியது. இவன் பில் போடுகிற மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ரிப்பேர் கடை வைத்திருந்த நண்பனிடம் யோசனை கேட்டான். அவனுக்கு 'ஊதல்' என்று பெயர். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் முதலில் வாயால் ஊதிப் பார்ப்பான்.

"படம் என்னடா, ஆட்டம் பாட்டமா?"

"இல்லடா. அக்கா பேசறா. அப்பாவுக்கு."

"அப்புறம் எதுக்கு இத்தனை கனம்? ஒரு ஆள் நின்ன எடத்துல நிக்கறதுக்குப் பாதிப் படம் போதும். சத்தம் தெளிவா இருந்தா சரி."

ஒவ்வொரு நொடிக்குள்ளும் ஓடுகிற தனித்தனிப் படங்களில் பாதியைக் கழித்துவிட்டால் கோப்பு சிறுத்துவிடும், லேப்டாப்பும் திணறாது என்று சொல்லி, எந்த இடத்தில் எதைக் குறைக்க வேண்டும் என்பதையும் காட்டித் தந்தான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எங்கப்பாவுக்குச் சத்தம் எதுக்குடா என்று. இவன் சொல்லவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்பாவின் காதைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் நழுவியே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து பாதியைக் கழித்தான். அதற்கும் திணறியபோது இவனாகவே இன்னொரு பாதியையும் கழித்தான். டிவிடி ஜம்மென்று ஏறி வெளியே வந்தது. அப்பா வாங்கிப் போட்டுப் பார்த்தார், கட்டைவிரலை உயர்த்தினார். விட்டது தொல்லை என்று இவன் குளிக்கப் போனான்.

நேற்று மதியம் கடையில் கூட்டம் இல்லாத சமயம் அக்கா கூப்பிட்டாள்.

"அப்பாவுக்கு விருப்பமில்லேன்னா வேண்டாம்னு சொல்லலாம்ல? எத்தனை நாள்டா காத்திருக்கிறது? சரி, அவருக்குக் கோபம். நீயும் பாத்துட்டு வாயை மூடிட்டு இருந்துட்டே, இல்ல?"

எதைப் பார்த்துவிட்டு என்று இவனுக்குத் தெரியவில்லை. "பேசிட்டு இருக்கோம்க்கா," என்றான். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"ஒரு பெண்கள் விடுதியில இடம் கேட்டு வச்சிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் ஆமா இல்லேன்னு சொல்லியாகணும். அதுக்கு முன்னாடி அவர் கையால ஒரு பதில். அவ்வளவுதான்."

மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அக்கா கடைசியாக அனுப்பியிருந்த படத்தை முதல் தடவையாகப் போனில் ஓட்டினான். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. புருஷன் வீட்டைக் காட்டி அதைத் துடைத்துப் போட்டாள். குழந்தையின் உயரத்துக்குக் கையைத் தாழ்த்தினாள். இரண்டு கையும் கூரை மாதிரி கூடின. நானும் பாப்பாவும் வந்துடட்டுமா? சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பா கடைக்குப் போயிருந்தபோது, அதே படத்தைத் தான் ஏற்றித் தந்த டிவிடியை டிவியில் போட்டான். முகம் தெரிந்தது. புடவை தெரிந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் அழித்த மாதிரி ஒரு மங்கல். கை ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைத்தது. நடுவில் சொன்னதெல்லாம் இவன் கழித்துப்போட்ட படங்களோடு போய்விட்டது.

தானே அப்பாவிடம் கேட்டுவிடலாமா என்று யோசித்தான். இவன் கையால் கேட்டால் உப்பு வாங்கி வரவா என்று கேட்கிற மாதிரி இருக்கும். அக்கா கேட்டதை அக்காவின் கையில்தான் அப்பா பார்க்க வேண்டும்.

அதனால்தான் இன்றைக்கு விடிந்ததிலிருந்து இந்த மல்லுக்கட்டு. ஒரு படத்தைக்கூடக் கழிக்காமல் முழுசாக ஏற்றினால் லேப்டாப் முக்கால்வாசியில் படுத்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் ஊதலுக்குப் போன் போட்டான். அவன் பையோடு வந்து, வாசலிலேயே, "வணக்கம்ப்பா, சாப்ட்டீங்களா?" என்றான். அப்பா பதிலுக்குச் சிரித்து, காதைத் தொட்டு, கையை விரித்தார். ஊதல் அவரைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான், பிறகு இவனைப் பார்த்தான்.

"அக்கா பேசறான்னியே. கையாலயா?"

"ம்."

"ஏன்டா, இதை அன்னைக்கே சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? வாய்ப் பேச்சுன்னுல்ல நான் வெட்டச் சொன்னேன்!"

இவன் லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினான். ஊதலும் அதற்கு மேல் கேட்காமல் அதைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினான். காற்றாடியைச் சுற்றிக் கம்பளி மாதிரி தூசி. "அடுப்புல உக்காந்துகிட்டு வேலை செய்யுன்னா எது செய்யும்?" என்று ஊதித் தள்ளினான். மேசையெல்லாம் தூசி பறந்து அப்பா தும்மினார். பிறகு இருவரும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய கோப்புகளை அழித்தார்கள். பின்னால் ஓடிக்கொண்டிருந்ததை எல்லாம் நிறுத்தினார்கள். அடியில் காற்றுப் போக இரண்டு கட்டைகளை முட்டுக்கொடுத்தார்கள். படத்தை டிவிடிக்குத் தக்கபடி மாற்றுவதும் ஏற்றுவதும் ஒரே சமயத்தில் நடந்ததால்தான் அது மூச்சுமுட்டியது. இந்தத் தடவை முதலில் மாற்றி வைத்துக்கொண்டு, பிறகு ஆகக் குறைந்த வேகத்தில் ஏற்றினார்கள். பச்சைக் கோடு முக்காலில் தயங்கியது. ஊதல் தன்னையறியாமல் அதன் பக்கம் லேசாக ஊதினான். கோடு நகர்ந்தது.

டிவிடித் தட்டு வெளியே வந்ததும் ஊதல் கிளம்பிவிட்டான். டிவிடியைப் போடுவதற்கு முன்னால் இவன் அப்பாவின் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்தான். தப்பு, நான், பழைய டிவிடி, கை, அழிஞ்சுது, நான் பண்ணினேன். தெரிந்த சைகைகளை வைத்துத் தட்டுத் தடுமாறிச் சொன்னான். தெரியாத இடத்தில் திரையைக் காட்டினான்.

அப்பா வெகுநேரம் அவன் கையையே பார்த்தார். பிறகு தன் கண்ணைத் தொட்டார். விளக்கு அணைவது மாதிரி விரல்களைக் குவித்தார். இல்லை என்று கையை அசைத்தார். மறுபடி கேள்வியாகக் கண்ணைத் தொட்டார்.

இவனுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவர் தன் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். காதில்லாதவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போகிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறார்.

கண் நல்லா இருக்கு, நான்தான், நான்தான் என்று நெஞ்சில் குத்திக் காட்டினான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, டிவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா வந்தாள். விரல் விரலாகத் தெரிந்தாள். இந்தத் தடவை இவனும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கூரை மாதிரி கை கூடிய இடத்தில் அப்பா படத்தை நிறுத்தவில்லை, பின்னால் ஓட்டவும் இல்லை. முடிந்ததும் எழுந்து உள்ளே போனார். பீரோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கட்டம் போட்ட சட்டையைக் கழற்றிவிட்டுக் கோடில்லாத கருநீலச் சட்டை போட்டிருந்தார். பின்னால் ஒரே நிறம் இருந்தால்தான் விரல் எடுப்பாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் விழுகிற சுவரோரமாகப் போய் நின்று, போனை எடு என்று காட்டினார்.

இவன் எடுத்துப் பிடித்தான். திரையில் அப்பாவின் முகம்தான் இருந்தது. இவன் ஒரு அடி பின்னால் போனான், இன்னொரு அடி போனான், முதுகு டிவியில் இடித்தது. இப்போது இரண்டு கையும் படத்துக்குள் வந்துவிட்டன. அப்பா கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். கைகள் இன்னும் தொடையோரமாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. வலது கையின் விரல்கள் மட்டும், தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி, மெதுவாக அசையத் தொடங்கியிருந்தன.