ஒரே வாரத்தில் விழுந்த மூன்று கடன்கள்

பெரிய வங்கிக்கு எதற்கும் ஆள் உண்டு. சின்ன வங்கியை யாரும் எதுவும் கேட்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது அவள் வேலை பார்த்த வங்கிதான். எந்தக் கடன் திரும்பி வரும், எது வராது என்று சொந்தமாகக் கணிக்கும் கணினி மாடல் வேண்டுமென்று மேலிடம் ஆசைப்பட்டது. அந்தப் பெரிய ஆசைக்குக் கொடுத்த ஆட்கள் மூன்றே பேர். அவர்களுக்குத் தலைவி அவள்.

மூன்று வருடம் மாடாய் உழைத்தாள். மாடல் கணிக்கக் கற்றுக்கொள்ளப் பழைய வாராக்கடன்கள் வேண்டும். நடுத்தர வங்கியில் அதற்கும் பஞ்சம். கடைத்தெருக் கிளையில் பத்து வருடத்தில் மொத்தமே மூன்று. அந்த மூன்றும் ஏழு வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் விழுந்தவை. தையல்காரர், அச்சகக்காரர், சைக்கிள் கடைக்காரர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வியாபார மந்தம், வட்டி உயர்வு, எதைப் போட்டாலும் கணக்கு உதைத்தது. இதற்குக் காரணம் சொல்லாவிட்டால் மாடலுக்கு அனுமதி கிடையாது என்று வங்கிகளைக் கண்காணிக்கும் அதிகாரி எழுதிவிட்டார். அவர் வருவது திங்கட்கிழமை. கணினி மாற்றியபோது நேர்ந்த பதிவுப் பிழை என்று சொல்லிவிடலாம் என்றார்கள் உடன் வேலை செய்தவர்கள். சொன்னால் எடுபடும்தான்.

ஞாயிறு காலை அவள் காகிதங்களோடு மல்லுக்கட்ட, கணவர் பீன்ஸ் நறுக்கியபடி போனில் இருந்தார். கடைத்தெருக் கிளையின் கடன் குமாஸ்தா அவர். எந்தப் போனையும் ஒரே மாதிரி ஆரம்பிப்பதால் அங்கே அவருக்குப் பெயரே ‘நல்லாருக்கீங்களா’. வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதனால் இந்தப் போன்களையெல்லாம் வெட்டி அரட்டை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

“முழுசா வேண்டாம், நாளைக்கு ஒரு தவணை மட்டும் கட்டிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

யார் என்று கேட்டாள். பேக்கரிக்காரர் என்றார். தவணை தவறி நாளையோடு எண்பத்தெட்டு நாள், தொண்ணூறு தாண்டினால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள், பாவம் என்றார். எல்லோருக்கும் இப்படித்தான் முன்கூட்டியே போன் செய்வாராம்.

அவளுக்குச் சுரீர் என்றது. அந்த மூன்று கடன்களும் விழுந்த தேதி இருந்த காகிதத்தை அவர் முன் நீட்டினாள்.

“இந்த வாரம் மட்டும் ஏன் போன் பண்ணலை?”

தேதியைப் பார்த்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்போ நீ ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிக்காம கிடந்தே. யாரைப் பாத்தும் நல்லாருக்கீங்களான்னு கேக்க எனக்கு வாய் வரலை.”

இந்த மனுஷனையா போனை வையுங்கள் என்று விரட்டிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு இருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி அந்தக் கேள்விக்குத்தான் முதலில் வந்தார். பதிவுப் பிழை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அந்த வாரத்தையே இல்லை என்று சொன்னதாகும் என்று அவளுக்குப் பட்டது. அதை விழுங்கிவிட்டு, மாடல் கணக்கில் எடுக்காத ஒருவர் இருக்கிறார், அந்தக் கிளையில் கடன்கள் விழாமல் நின்றதே அவர் செய்யும் போன்களால்தான், அந்த வாரம் மட்டும் அவர் போன் செய்யவில்லை என்றாள். யார் என்றார் அதிகாரி.

“என் வீட்டுக்காரர்.”

அதிகாரி வெகுநேரம் எழுதினார். போன்களையும் குறித்துவைத்து, மாடலைத் திருத்தி அடுத்த வருடம் வரச் சொன்னார். மேலிடத்தின் முகம் சுருங்கிப்போனது.

சாயங்காலம் கணவர் வாசலிலேயே நின்றார். தன்னால் மூன்று வருட உழைப்பு போயிற்றா என்று கேட்டார். ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். இனி ஒவ்வொரு போனையும் அவர் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றாள்.

“வீட்டுல ஆபீஸ் பேச்சு கூடாதே?”

அவள் புது நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, அவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்கு யாருக்குங்க எண்பத்தெட்டு?”