கொட்டு ஓய்வதற்குள்

குற்றாலீஸ்வரன் இறந்தபோது ஷெட்டில் இருந்தவர்கள்: செயின் பிளாக்கின் சங்கிலியைப் பிடித்திருந்த வெல்டிங் கடை மன்சூர், சங்கிலியில் தொங்கிய எஞ்சினை இரு கையாலும் நேராக்கிக்கொண்டிருந்த மகள் முத்துவடிவு, காப்பி டம்ளரோடு வாசலில் நின்ற மனைவி ஆனந்தவள்ளி. டிராக்டரையும் ஒரு ஆளாகச் சேர்க்கலாமா என்பதில் அந்த வீட்டில் ஒருமித்த கருத்து கிடையாது.

“தள்ளாதட்டி. அதுவா உள்ள போவும்” என்று ஜாக்கியில் தூக்கிய பின்சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டே இருந்தார் குற்றாலீஸ்வரன். எஞ்சின் போகவில்லை. “ஒரு நிமிசம் இருங்க” என்று பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். டாக்டர் வந்து பார்க்கும்போது காப்பி ஆடை கட்டியிருந்தது.

இப்போது அவர் முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். எஞ்சின் ஷெட்டில் அப்படியே தொங்கியது.

கட்டிலைவிடக் கொஞ்சம் பெரிய குட்டி டிராக்டர் அது. குற்றாலத்தில் ஒரு பங்களாத் தோட்டத்தில் மங்குஸ்தான் மரத்தடியில் மக்கிக் கிடந்ததை, தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மேலகரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்தே முழுசாகக் கழற்றினார். “அவன் பேசுதது ஒங்களுக்கு வெளங்குதா?” என்பாள் ஆனந்தவள்ளி. “கை போற எடம் தெரியுதுல்லா?” என்பார்.

மதியம் மதுரையிலிருந்து மகன் முத்துச்செல்வம் வந்தான். அங்கே போலீஸ் எஸ்.ஐ. அப்பாவைப் பார்த்து அழுதான். பிறகு ஷெட்டைப் பார்த்தான்.

“இதத் தூக்கப்போயிதான செத்தாரு?”

“காவு வாங்குன இரும்பு” என்றார் சித்தப்பா சங்கிலிப்பாண்டி. “அண்ணனத் தூக்குததுக்கு முன்னால இது இந்த வாசலத் தாண்டிரணும், பாத்துக்கோ. வீட்டுக்கு ஆவாது.”

முத்துச்செல்வம் போனை எடுத்தான். “ஆமா, பழைய இரும்புதான். துண்டு துண்டாத்தான் கெடக்கு, ஏத்திரலாம். சீக்கிரம் வாங்க.”

வடிவு காதில் கடைசியில் தங்கியது அந்தத் ‘துண்டு’தான். துண்டாகக் கிடந்தால் இரும்பு. சேர்ந்து சக்கரத்தில் நின்றால் வண்டி. வண்டியை எவனும் சாக்கில் அள்ளிப்போக முடியாது. லோடு ஆட்டோ தென்காசியிலிருந்து வந்தாக வேண்டும். அதற்குள் சேர்த்துவிடலாம்.

மன்சூர் பின்சந்தில் சாரலில் தனியாக நின்றான்.

“உள்ள வாங்கண்ணே.”

“எல்லாரும் என்னப் பாக்குத பார்வ சரியில்ல வடிவு. சங்கிலி என் கையிலதான இருந்துச்சு.”

“சங்கிலியில தொங்குனது எஞ்சினு. அப்பா உயிரு இல்ல. வாங்க.”

“சாவு வீட்ல ஸ்பேனர் சத்தம் கேட்டா வையமாட்டாங்களா?”

“கொட்டு அடிக்கும்போது மட்டும் செய்வோம்.”

அப்படியே செய்தார்கள். வாசலில் கொட்டு முழங்கினால் இங்கே சங்கிலி கடகடத்தது. கொட்டுக்காரர்கள் பீடி பற்றவைக்க நிறுத்தினால் இவர்களும் நிறுத்தி, திருடர்களைப் போல் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். “நல்லா வேகமாத்தான் அடிங்களேம்லே” என்று மன்சூர் முணுமுணுத்தான்.

கியர் பெட்டியிலிருந்து நீளும் தண்டில் பல் வெட்டியிருக்கும். கிளட்ச் தட்டின் துளையிலும் பல் உண்டு. இரண்டும் பொருந்தினால்தான் எஞ்சின் இடத்தில் உட்காரும். தள்ளினால் தட்டு உடையும். வண்டியைக் கியரில் போட்டுவிட்டுச் சக்கரத்தை மெல்ல உருட்ட வேண்டும்; தண்டும் சேர்ந்து சுற்றி, தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

வடிவு சக்கரத்தை உருட்டினாள். லேசாகச் சுற்றியது. சாதாரண லேசு இல்லை, காற்றில் சுற்றுகிற லேசு. குனிந்து தண்டைப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

கியர் லீவர் நியூட்ரலில் இருந்தது.

அப்பாவைத் தூக்கிப்போன பிறகு ஷெட்டுக்குள் ஒருவரும் வரவில்லை. வண்டியைத் தொடும் முன் “கியர்ல இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிற மனிதர் அவர். இன்று அது அவர் வாயில் வரவில்லை. காலையில் எவ்வளவு நேரம் உருட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை. புழுக்கம் என்று அவளே சொல்லி, ஃபேனைத் திருப்பிவிட்டாள்.

நிமிர்ந்தாள். மன்சூரும் லீவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று திரும்பி, ஏற்கனவே துடைத்த சங்கிலியை மறுபடி துடைத்தான்.

வடிவு ஒன்றாம் கியரில் போட்டாள். சக்கரத்தை உருட்டினாள். கொட்டுச் சத்தத்துக்கு அடியில் ‘ணக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் நகர்ந்து உட்கார்ந்தது.

“உள்ள போயிட்டு” என்றான் மன்சூர், குரலே இல்லாமல்.

நாலு போல்ட்டையும் முடுக்கினார்கள். டேங்கை ஏற்றினார்கள். ஜாக்கியை இறக்கும்போது அடுக்களைப் பக்கத்துக் கதவு திறந்தது. ஆனந்தவள்ளி. யாரோ தலை நிறையப் பூ வைத்துவிட்டிருந்தார்கள்.

மன்சூர் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நகர்ந்தான். அவள் டிராக்டரைப் பார்க்கவில்லை. கவிழ்ந்திருந்த பெயிண்ட் வாளியைப் பார்த்தாள்.

“ஏட்டி, அவுகளுக்கு எங்கயும் வலிச்சிருக்குமா? ஒண்ணும் சொல்லலியே. முன்னாலயே ஏதும் பண்ணுச்சோ?”

வடிவு லீவரின் மேல் கையை வைத்தாள்.

“இல்லம்மா. நல்லாத்தான் இருந்தாவ. என்னய ஏசிக்கிட்டுதான் இருந்தாவ.”

ஆனந்தவள்ளி தலையாட்டினாள். போகிற போக்கில் திரும்பி, “சீட்டையும் மாட்டிரு. மொட்டையா நிக்கி” என்றாள்.

சீட்டின் கடைசி நட்டை முடுக்கும்போது ஆட்டோ வந்தது. முத்துச்செல்வம் டிரைவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவன், அப்படியே நின்றான்.

“சார், துண்டுன்னுல்லா சொன்னீய? இது வண்டியால்லா நிக்கு” என்றான் டிரைவர். “முழு வண்டின்னா பேப்பர் வேணும். வழியில போலீஸ் புடிச்சா யாரு பதில் சொல்லுதது?”

“நானே போலீஸ்தாம்லே.”

“அப்பம் ஒங்களுக்கே தெரியுமே சார்.”

டிரைவர் போய்விட்டான். மன்சூர் தன் செயின் பிளாக்கைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்வழியே நழுவினான்.

“அப்பா செத்துக் கெடக்காரு. நீ ஸ்பேனரப் புடிச்சிட்டு நிக்க?” என்றான் முத்துச்செல்வம். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

“வடகரையில நம்ம தென்னந்தோப்ப இனி யாரு பாக்கப்போறா? நீயா?”

அவன் வேட்டியை இறுக்கிக் கட்டினான்.

“நான்தான். தென்னைக்கு நடுவுல பெரிய டிராக்டர் போவாது. இது போவும்.”

“சித்தப்பா கேட்டா?”

“வாசலத் தாண்டணும்னாரு, அவ்வளவுதான? தாண்டும். நான் ஓட்டிக்கிட்டு தாண்டுவேன். இன்னைக்கு இல்ல.”

அவன் டிராக்டரைச் சுற்றி வந்தான். பச்சைப் பெயிண்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். சின்னப் பையன்கள் தொடுகிற மாதிரி, காய்ந்துவிட்டதா என்று.

“கடைசியா அப்பா ஏதாவது...” என்று ஆரம்பித்தான்.

வெளியே சங்கு ஊதியது. “மூத்தவன் எங்கப்பா? நேரமாச்சு!” என்று சித்தப்பாவின் குரல். கொள்ளிச்சட்டி பிடிக்க வேண்டியவன் அவன். பெண்கள் தெருமுனை வரைதான்.

அவன் திரும்பும்போது புது வேட்டி பின் டயரில் உரசியது. உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு கிரீஸ். அவன் கவனிக்கவில்லை. வடிவு பார்த்தாள். சொல்லவில்லை. அந்தக் கறையோடு அவன் சாரலில் இறங்கிக் கூட்டத்துக்குள் போனான்.

கொட்டு உரத்து, மெல்ல நகர ஆரம்பித்தது. “வடிவு எங்க? வடிவக் கூப்பிடு” என்று யாரோ ஒரு பெண் தேடினாள்.

அவள் ஷெட்டுக் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். கை வழுக்கியது. சேலையில் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுக்களைக் கதவு வழியே கூப்பிட்ட குரலை நோக்கிப் போனாள்.