சாரதியின் பெயர்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு வேணுகா வந்தாள். மே மாதம் நான்காம் திகதி. சிவகலாவின் சாரதி அனுமதிப்பத்திரம் பதிவுத் தபாலில் போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

வேணுகாவுக்குச் சுவிஸ் தலைநகர் பேர்ணில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு வில் என்ற ஊரில் இருக்கும் பெற்றோரிடம் வருவாள். தாயும் தகப்பனும் சமைத்து வைத்துக் காத்திருப்பார்கள். அன்று சப்பாத்தைக் கழற்றும்போதே சிரித்தாள். வாசலில் தாயின் சப்பாத்துகள் ஈரமாகக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தாள்.

“முதல்லை சாப்பிடுவம். பிறகு ஒரு சாமான் காட்டுறன்.”

“இப்பவே காட்டு,” என்றாள் சிவகலா.

“அம்மாவுக்குப் பொறுமையே இல்லை, என்னப்பா?”

குலேந்திரன் சிரித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தான். கோழிக்கறி மேசையில் இருந்தது.

கப்பல் விஷயம் அவர்களுக்கு முன்பே தெரியும். முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் கொடுக்கிற ஒரு கிழமைப் பயணம். இத்தாலியின் சவோனாத் துறைமுகத்தில் ஏறி அங்கேயே இறங்குவது. இப்போது வேணுகா பையிலிருந்து எடுத்த தாளில் ஒரு சிறிய வெள்ளைக் காரின் படம் இருந்தது.

“கப்பல் பதினெட்டாம் திகதிதானே. நீங்கள் பதினாறாம் திகதியே வெளிக்கிடுறியள். ஜெனோவாவிலை கார் எடுத்து, ரெண்டு நாள் கடற்கரை றோட்டாலை ஆறுதலாப் போய், துறைமுகத்திலை காரைக் குடுத்திட்டுக் கப்பல் ஏறுறது. இடையிலை தங்க றூமும் போட்டாச்சு.”

“வாடகைக் காரோ?” என்றான் குலேந்திரன்.

“ஓம். ஆனா நீங்கள் சந்தோசப்படாதேங்கோ. கீழை வாசியுங்கோ.”

படத்துக்குக் கீழே சாரதியின் பெயர் என்று இருந்தது. அதற்கு நேரே சிவகலா குலேந்திரன்.

“அம்மா மட்டும்தான். அப்பா பக்கத்திலை இருந்து வாயைப் பொத்திக்கொண்டு வரவேணும்.”

சிவகலா கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். ஐம்பத்தொரு வயதில், நான்காவது முறையில், போன புரட்டாதியில் அவள் சோதனை பாஸ் பண்ணினாள். முதல் இரண்டு முறையும் வட்டச் சந்தியில் பிழை விட்டாள். மூன்றாவது முறை மேட்டில் கார் பின்னால் உருண்டது. கார் ஓடப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மகளிடம் போனில் சொன்னாள், கடலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருக்கா ஓடவேணும் என்று. வேணுகா அதை மறக்கவில்லை.

பத்திரம் கிடைத்த பிறகு, வீட்டில் இருந்த இன்னொரு பழைய காரைத் தனியாக ஓட்டி வேலைக்குப் போவாள். குலேந்திரனை ஏற்றிக்கொண்டு ஒரு நாளும் ஓடியதில்லை. இருவரும் சேர்ந்து போனால் கார்த் திறப்பை அவன் எடுப்பான். அது வழக்கம். யாரும் பேசி முடிவு செய்ததில்லை.

“எனக்கேன் உது,” என்றாள் சிவகலா. தாளைக் கீழே வைக்கவில்லை.

“லைசென்ஸைக் கொண்டுவாங்கோ. படம் எடுத்து அவைக்கு அனுப்பவேணும். அப்பத்தான் உறுதியாகும்.”

சிவகலா குலேந்திரனைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அவன் சோற்றைப் பார்த்தான்.

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். லாச்சி திறக்கும் சத்தம் கேட்டது. அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். லாச்சி மூடும் சத்தம் கேட்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

திரும்பி வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னட்டை இல்லை. அம்டுக்கு அனுப்பியாச்சு.”

வாகனப் போக்குவரத்து அலுவலகத்தை அந்த வீட்டில் அம்ட் என்றுதான் சொல்வார்கள்.

“ஏன், விலாசம் மாத்தவோ?”

“இல்லை. ஒரு மாசத்துக்குப் பறிச்சிட்டாங்கள். வேகம் கூடிப்போச்சு, றேடார் அடிச்சது.”

வேணுகா வாய்விட்டுச் சிரித்தாள். “நீங்களோ? ஆட்டோபானிலை லொறிக்குப் பின்னாலை எண்பதிலை போற ஆள் நீங்கள்! சும்மா விளையாடாதேங்கோ.”

“அம்பதிலை எழுபத்திமூண்டு.”

“எங்கை?”

“பள்ளிக்கூட றோட்டிலை.”

“என்ரை பள்ளிக்கூடமோ?”

“ஓம்.”

“எத்தினை மணிக்கு?”

சிவகலா யோசிப்பதுபோல் நின்றாள். நேரம் பொலிஸ் அனுப்பிய கடிதத்தில் இருந்தது. அவள் அதைப் பலமுறை வாசித்திருந்தாள்.

“பன்னிரண்டு மணிக்குக் கிட்ட.”

“பிள்ளையள் சாப்பிட வீட்டை போற நேரம்.”

“ஓம்.”

வேணுகா கரண்டியை வைத்தாள். “அம்மா, என்ரை மேசைக்கு உப்பிடி ஃபைல் வாறது. பிள்ளையின்ரை பெயர், வயசு, எந்தக் கால் எண்டெல்லாம் எழுதியிருக்கும். வாசிச்சுப்போட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறன்.”

“பிழைதான்.”

“பிழை எண்டா? அப்பிடி என்ன அவசரம் உங்களுக்கு?”

சிவகலா கதிரையை விடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

“கொம்மாவுக்கு அண்டைக்குத் தலையிடி,” என்றான் குலேந்திரன். “கவனிச்சிருக்க மாட்டா.”

ஒருவரும் அவனைக் கேட்டிருக்கவில்லை.

சிவகலா உட்கார்ந்தாள். கறிச் சட்டியை இழுத்து அவனுடைய தட்டில் இன்னொரு துண்டு போட்டாள்.

கடிதம் மார்ச் மாதத்தில் வந்தது. றேடாரில் பட்ட கார் குலேந்திரனின் பெயரில் இருந்தது. ஓடியது யார் என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்ப ஒரு தாளும் கூட இருந்தது. படத்தில் முன் கண்ணாடியில் வெயில் பட்டு முகம் வெள்ளையாகத் தெரிந்தது.

அவன் ஒரு வெதுப்பகத்தின் வான் ஓடுகிறான். காலை நான்கு மணிக்குத் தொடங்கிக் கடைகளுக்குப் பாண் இறக்குவான். பதினொன்றரைக்கு வேலை முடிந்து தன் காரில் வீட்டுக்கு வருவான். றேடார் அடித்த அன்று சிவகலாவுக்கு லீவு. புட்டு அவிக்கிறேன், சூட்டோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் நின்றாள்.

அதற்கு முந்திய வருடமும் அவனுடைய பத்திரத்தை ஒரு மாதம் பறித்திருந்தார்கள், கைபேசியில் எழுதிக்கொண்டு ஓடியதற்காக. இருந்த விடுமுறை எல்லாவற்றையும் எடுத்துச் சமாளித்தான். நாரிப்பிடிப்பு என்று வேணுகாவுக்குச் சொன்னார்கள். இன்னொரு முறை என்றால் நான்கு மாதம். வெதுப்பகத்தில் நான்கு மாதம் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

“உன்ரை பெயரைப் போடுவம்,” என்றான் அப்போது. “உனக்கு இது முதல்தரம். ஒரு மாசம்தான்.”

அவள் தாளைத் திருப்பி, ஜெர்மனில் எழுதியிருந்ததை மெதுவாக வாசித்தாள்.

“பொய் சொன்னாக் குற்றம் எண்டு கிடக்கு.”

“முகம் தெரியேல்லைத்தானே.”

அவள் பேனை கேட்டாள்.

அடுத்த கடிதத்தில் ஒரு மாதம் என்று வந்தது. புதிய சாரதி என்பதால் சோதனைக் காலம் இன்னொரு வருடம் நீளும் என்றும் இருந்தது. அது அவனுக்கு முன்பு தெரியாது. தெரியாது என்று சொன்னான். அவள் ஓம் என்றாள்.

எந்த மாதத்தில் பத்திரத்தைக் கொடுப்பது என்று அவர்களே தெரிவு செய்து எழுதலாம். குலேந்திரன்தான் மே என்று எழுதினான். கப்பல் மே மாதத்தில். “கப்பலிலை கார் ஓடத் தேவையில்லைத்தானே. ஒரு கிழமை சும்மா கழிஞ்சிடும்.” நல்ல செய்தி சொல்வதுபோல் அதைச் சொன்னான்.

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம் ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. காலை வேலை ஆறு மணிக்கு. முதல் பஸ் அதற்குப் பிறகுதான். வெள்ளியும் சனியும் அவள் ஐம்பது நிமிடம் நடந்து போனாள். இரண்டு நாளும் மழை.

சாப்பாடு முடிந்ததும் வேணுகா கைபேசியை எடுத்தாள்.

“சரி. காரை விடேலாது, றூம் போட்டாச்சு. சாரதியை மாத்துவம். அப்பா, உங்கடை லைசென்ஸைத் தாங்கோ.”

குலேந்திரன் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

“அப்பா?”

“காரை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு ரயில்லை போவமே.”

“அந்த ஊரிலை றூம் மலைக்கு மேலை. ரயில் இல்லை. என்ன, அம்மாவைப்போல உங்கடையும் போட்டுதோ?”

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். அவன் பின்பொக்கற்றிலிருந்து பணப்பையை எடுத்து, பத்திரத்தை மேசையில் வைத்தான். வேணுகா முன்பக்கத்தைப் படம் எடுத்தாள். திருப்பி வைத்துப் பின்பக்கத்தையும் எடுத்தாள். சிவகலா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுது,” என்றாள் வேணுகா. இரண்டு நிமிடமும் ஆகவில்லை. “பாருங்கோ அம்மா. அப்பா விடிய நாலு மணியிலையிருந்து ஓடுறார். ஒரு பிரச்சினை இல்லை.”

“ஓம்,” என்றாள் சிவகலா. தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நான்கு மணிக்கு அவன் மகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனான். பள்ளிக்கூடத்து வீதியால்தான் போகவேண்டும். நாற்பத்தைந்தில் போனான். ஞாயிறு என்பதால் ஒரு பிள்ளையும் இல்லை.

“நான் கூடக் கதைச்சிட்டனோ?” என்று கேட்டாள் வேணுகா.

“இல்லை.”

“அவவுக்கு முகம் செத்துப்போச்சு. ஆனா சொல்லாமல் விடேலாதுதானே. இதாலை அண்டைக்கு ஒரு பிள்ளை போயிருந்தா?”

“ஓம்.”

“போன கிழமை போனிலை கேட்டவ, இறக்கத்திலை வளைவு வந்தா எந்த கியரிலை போறது எண்டு. நான் கார் கதையே அவவுக்குச் சொல்லேல்லை. சும்மா கேட்டவ. லைசென்ஸை அனுப்பப்போற நேரத்திலை அதை ஏன் கேட்டவ எண்டு இப்ப யோசிக்கிறன்.”

ஸ்டேஷன் வந்தது. அவன் காரை நிறுத்தினான். சொல்வதென்றால் இங்கே சொல்லவேண்டும். ஒரு வசனம் போதும். அண்டைக்கு ஓடினது நான். மூன்று சொல். அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“வேணு.”

“என்ன?”

“பெல்ட்டைக் கழட்டு. ரயில் வரப்போகுது.”

அவள் இறங்கிக் கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

வீட்டில் சிவகலா பாத்திரம் கழுவி முடித்திருந்தாள். அவன் அடுப்படி வாசலில் நின்றான்.

“அவளுக்குச் சொல்லட்டோ?”

“என்னைக் கேட்டுத்தான் சொல்லப்போறியளோ?”

“சொன்னா உனக்கும் கரைச்சல். கையெழுத்து வைச்சது நீ.”

அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டாள். அடுத்த நாளும் நடந்துதான் போனாள்.

பதினாறாம் திகதி, வெள்ளிக்கிழமை, சூரிச்சிலிருந்து ஜெனோவாவுக்குப் போகும் ரயிலில் எதிரும் புதிருமாக இருந்தார்கள். சிவகலா ஜன்னல் பக்கம். வெளிர் நீலச் சட்டை புதிது. இடியப்பமும் சம்பலும் பெட்டியில் இருந்தன, இன்னும் திறக்கவில்லை. நீண்ட சுரங்கத்தைத் தாண்டியதும் வெயில் வந்தது. லுகானோவில் ஏரி தெரிந்தது. ஏரியை ஒட்டி ஒரு வீதி ரயிலோடு கொஞ்சத் தூரம் வந்தது. அதில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் அதையே பார்த்தாள்.

அவளுடைய வலது கால் மெதுவாக அமர்ந்து எழுந்தது. வளைவு வரும்போது அமர்ந்தது. குலேந்திரன் அதைக் கண்டான். அவள் அறியாமல் செய்வதுபோல் இருந்தது.

வேணுகா கைபேசியில் வந்தாள். திரையில் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்கள்.

“எங்கை நிக்கிறியள்?”

“லுகானோ தாண்டியாச்சு,” என்றாள் சிவகலா.

“அப்பா, பேப்பர் எல்லாம் இருக்கோ?”

“இருக்கு.”

“அம்மா கேட்டாலும் திறப்பைக் குடுத்திடாதேங்கோ, சரியோ? எழுபத்திமூண்டிலை பறந்திடுவா.”

சிவகலா திரையைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். குலேந்திரனும் சிரித்தான்.

கைபேசியை வைத்த பிறகு, பேப்பர் சரியோ என்று பார்க்க அவள் கைப்பையைத் திறந்தாள். கார் கடையில் காட்டவேண்டிய தாளை எடுத்து மடியில் வைத்தாள். சாரதியின் பெயருக்கு நேரே அவன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு தாள் மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. மகள் முதலில் கொண்டுவந்தது. அவள் அதை எறியவில்லை. திரும்ப மடித்துப் பையின் உள்ளறையில் வைத்தாள்.

கியாசோ. இத்தாலிக்கு முன் கடைசி ஸ்டேஷன். ரயில் நின்றது. சீருடை போட்ட இருவர் பெட்டிக்குள் நடந்து வந்து முகங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். இவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் ரயில் அசைந்தது.

குலேந்திரன் முன்னால் குனிந்தான். இரண்டு கிழமையாக அதை யோசித்து வைத்திருந்தான்.

“இஞ்சை. காரை நான் எடுக்கிறன். ஊரை விட்டு வெளிக்கிட்டு, கடல் றோட்டு வந்ததும் நிப்பாட்டுறன். பிறகு நீ ஓடு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“கொஞ்சத் தூரம்தான். நீ ஆசைப்பட்டதுதானே. நான் வாய் திறக்கமாட்டன். அங்கை ஆர் வந்து கேக்கப்போறாங்கள்?”

சிவகலா கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். அவனை நேராகப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“பிடிச்சாங்களெண்டா அதுக்கும் நான்தானோ கையெழுத்து வைக்கிறது?”